கத்திரி வெயிலுக்கு எந்த சாலட்: இலையா, பழமா, வெள்ளரியா, பயறா?

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் கடலூரிலும் பாண்டியிலும் மதியச் சாப்பாட்டின் மேல் இருக்கும் ஆசை பாதியாகிவிடும். கொதிக்கிற குழம்பை நினைத்தாலே வியர்க்கும். 'இனிமேல் தினமும் ஒரு சாலட்' என்று அந்த வாரத்தில் முடிவெடுக்காத வீடு குறைவு. முடிவெடுத்துப் பத்து நாள் தாண்டிய வீடு அதைவிடக் குறைவு.

சோம்பலால் நின்றுபோகிறது என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போனில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு சாலட்டைத் தேர்ந்தெடுக்கிறோம். படத்தில் இருப்பது குளிர்தேசத்து இலை. நம் கையில் இருப்பது 38 டிகிரி வெயில், உப்புக்காற்று, கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகும் டிபன் பாக்ஸ். இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் நான்கு வகைகளையும் இந்தக் கரையோர வெயிலில் வைத்துப் பார்த்து ஒப்பிடுகிறேன். பார்க்க வேண்டியவை மூன்று. காய் எங்கே, எப்போது பறித்தது? நறுக்கியதிலிருந்து வாயில் போடும்வரை எவ்வளவு நேரம் ஆகும்? அது சோற்றுக்குத் துணையா, அதுவே சாப்பாடா?

இலை சாலட்

பாண்டிச்சேரி வெள்ளை நகரத்துக் காபிக் கடைகளிலும் ஆரோவில் பக்கத்து உணவகங்களிலும் சாலட் என்றாலே லெட்யூஸ்தான். பார்க்க அழகு, கடிக்க மொறுமொறுப்பு. ஆனால் லெட்யூஸ் குளிர்ச்சியை விரும்பும் செடி. 15 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம். அதற்கு மேலே வெயில் ஏற ஏற, இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூத்தண்டை நீட்டும். உள்ளே பால் ஊறிக் கசக்கத் தொடங்கும். கார்த்திகை முதல் மாசி வரை ஆரோவில் செம்மண்ணில் நன்றாக வரும் அதே செடி, சித்திரையில் திறந்த வயலில் பிழைக்காது. மே மாதம் கடையில் லெட்யூஸ் இருந்தால், அது பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கியதாகவோ நிழல்கூடாரத்தில் தண்ணீரில் வளர்த்ததாகவோ இருக்கும். இரண்டுக்கும் விலை அதிகம். மலை இலை வந்து சேரும்போதே பாதி சோர்ந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி வைத்தால், மின்வெட்டு வந்த ஒரு மதியத்தில் மீதியும் சோர்ந்துவிடும்.

இலைதான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நம் ஊர் இலைகள். பருப்புக்கீரை வெயிலில்தான் கொழுக்கும். லேசான புளிப்போடு பச்சையாகவே சாப்பிடலாம். கொடிப்பசலையின் இளந்தளிர், வல்லாரை, புதினா எல்லாம் கோடையிலும் கிடைக்கும். ஆரோவில்லில் சாலிட்யூட் பண்ணை நடத்தும் கிருஷ்ணா மெக்கன்சி, ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண் வழியைப் பின்பற்றுபவர். உள்ளூர்க் கீரை, உள்ளூர்க் காய் என்று பல வருடமாகத் தமிழிலேயே பேசிவருகிறார். வெளியூரிலிருந்து வந்தவர் சொல்லித்தான் நம் வேலியோரக் கீரை நமக்கு நினைவுக்கு வர வேண்டியிருக்கிறது. அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனாலும் பச்சை இலையைத் தினமும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடச் சொல்ல எனக்குத் தயக்கம். பருப்புக்கீரையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் விலகி இருப்பது நல்லது. எந்தத் தண்ணீர் பாய்ந்த கீரை என்று தெரியாதபோது பச்சையாகச் சாப்பிடுவதும் சரியில்லை. என் தீர்ப்பு: லெட்யூஸ் ஆசையை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இலை மேலே தூவ மட்டும்.

பழ சாலட்

பிள்ளைகள் ஓட்டு இதற்குத்தான். தர்ப்பூசணி, கிர்ணி, பப்பாளி, மாம்பழம் என்று கோடையே பழக்கடையாக வந்து ரோட்டோரத்தில் நிற்கிறது. தர்ப்பூசணியில் 92 சதவீதம் தண்ணீர். தாகத்துக்கு நல்லது. ஊசி போட்டுச் சிவப்பேற்றுகிறார்கள் என்ற பயத்தால் அதைத் தொடாதவர்கள் உண்டு. 2025 கோடையில் அந்தப் பேச்சு பரவி, வயலில் பழத்தை வைத்துக்கொண்டு விலையில்லாமல் தவித்தார்கள் விவசாயிகள். முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். ஓட்டை போட்ட பழம் இந்த வெயிலில் தாங்காது, சீக்கிரம் புளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கவலைப்பட வேண்டியது, வெட்டி அடுக்கிவைத்த ரோட்டோரத் துண்டுகளைப் பற்றித்தான். 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால், வெட்டிய பழம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மதியம் 1 மணிக்குத் தட்டில் இருப்பது எத்தனை மணிக்கு வெட்டியது என்று யார் சொல்லப்போகிறார்கள்?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பழத்தைப் பற்றிப் பேசாமல் போக மனசில்லை. முந்திரிப்பழம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பங்குனியிலும் சித்திரையிலும் மரத்தடியில் மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். பறித்த ஒரு நாளுக்குள் கெட்டுவிடும் பழம் என்பதால் சென்னைக்குப் போகாது, சூப்பர் மார்க்கெட்டுக்கு வராது. வைட்டமின் சி ஆரஞ்சைவிட அதிகம். சிக்கல் அதன் துவர்ப்பு. தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். வட்டவட்டமாக நறுக்கி உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பிழிந்தால் பெருமளவு அடங்கும். பிறகு மிளகாய்த்தூள், எலுமிச்சை, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. மேலே உடைந்த முந்திரி. பருப்பும் பழமும் ஒரே மரத்திலிருந்து ஒரே கிண்ணத்துக்கு வரும் சாலட் இது. சாறு துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டையோடு வேலையில் இறங்குங்கள். முந்திரித் தோப்புப் பக்கம் உறவினர் இருந்தால், காலையில் பறித்துப் பகலில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். மற்றபடி இது கிடைத்தால் செய்யும் பண்டம், திட்டம் போட்டுச் செய்ய முடியாது.

பலாப்பழத்தை சாலட்டில் சேர்க்காதீர்கள். கலந்த எல்லாமே பலா வாசமாகிவிடும். அதன் கொட்டையை வேகவைத்து நறுக்கிப் போடலாம், அது அருமை.

பழ சாலட்டின் குறை என்னவென்றால், அதைச் சோற்றுக்குப் பதிலாக யாரும் சாப்பிடுவதில்லை. சோற்றுக்குப் பிறகு சாப்பிடுகிறோம். கஸ்டர்டும் ஐஸ்க்ரீமும் ஏறிவிட்டால் அது இனிப்புப் பலகாரம். சர்க்கரை நோய் இருக்கும் வீட்டில் தினசரி சாலட்டாக இதை வைக்க முடியாது. மாலை 4 மணிக்கு, டீக்குப் பதிலாக என்றால் சரி.

வெள்ளரி

என் ஓட்டு இதற்கு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

வெள்ளரியில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தர்ப்பூசணியைவிட அதிகம், சர்க்கரையோ மிகக் குறைவு. வெயில்தான் அதன் காலம். லெட்யூஸ் சுருண்டுபோகும் அதே சித்திரையில் வெள்ளரிக்கொடி காய்த்துத் தள்ளும். எந்த வெள்ளரி என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

விரல் நீளப் பிஞ்சுக்குத் தோல் சீவ வேண்டாம், விதை எடுக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருவார்களே, அதே பிஞ்சு. டிபன் பாக்ஸ்காரர்களுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. நறுக்கவே நறுக்காதீர்கள். கழுவித் துடைத்து முழுசாகப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலம் ஒன்றைத் தனியாக வையுங்கள். பாண்டியில் போய் 1 மணிக்குக் கடித்தால் காலையில் பறித்ததுபோலவே இருக்கும். நறுக்காத காய் கெடுவதில்லை, தண்ணீர் விடுவதில்லை, பையில் ஒழுகுவதில்லை.

பருத்த நாட்டு வெள்ளரிக்காய் வீட்டுச் சமையலுக்கு. விதைப்பகுதியைச் சுரண்டிவிட்டுத் துருவினால் கோசுமல்லிக்கும் தயிர்ப் பச்சடிக்கும் சரியாக இருக்கும். விலையும் குறைவு. பிளாஸ்டிக் உறையில் வரும் நீளமான பசுமைக்குடில் வெள்ளரி கசக்காது, விதை இருக்காது, ஒரு வாரம் தாங்கும். ஆனால் வாசமே இருக்காது. விருந்துக்கு வட்டவட்டமாக அடுக்க ஆகும். வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதை நாட்டுச்சர்க்கரை தூவிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டால் போதும், கெடுக்காதீர்கள்.

நாட்டு வெள்ளரியின் ஒரே தொல்லை கசப்பு. குக்குர்பிட்டாசின் என்ற பொருள்தான் காரணம். செடி வெயிலிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் வாடும்போது அது கூடும். காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகமாகச் சேர்ந்திருக்கும். காம்பை நறுக்கி நுரை வரத் தேய்க்கும் பழக்கம் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தேய்ப்பதைவிட, காம்புப் பக்கம் ஒரு விரற்கடை தாராளமாக வெட்டிவிட்டுத் தோலையும் சீவுவதுதான் உறுதியான வழி. அதற்குப் பிறகும் நாக்கில் சுரீர் என்று கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போடுங்கள். உப்பு போட்டு மறைத்துச் சாப்பிட்டால் வயிறு கெடும்.

அடுத்து உப்பு. உப்பு பட்டதும் வெள்ளரி தன் தண்ணீரை வெளியே விடும். 10 மணிக்கு உப்பு போட்டுக் கலந்து வைத்தால் 1 மணிக்குக் கிண்ணத்தில் காய் ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம் கிடக்கும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. சாப்பிட உட்காரும்போது உப்பு போடுவது ஒன்று. முன்னாலேயே உப்பு தூவிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டு, பிறகு கலப்பது இன்னொன்று. தயிர்ப் பச்சடிக்கு இரண்டாவது வழிதான் சரி, இல்லாவிட்டால் மோர் ஆகிவிடும். பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், நீர்மோரில் சேருங்கள்.

கோசுமல்லி தெரியாத வீடு இருக்காது. ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு செய்துவிட்டு அடுத்த வருடம்வரை மறந்துவிடுகிறோம், அதுதான் குறை. நான்கு பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பு. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஊறினால் போதும். இந்த வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டால் வாடை வந்துவிடும். வடித்து, துருவிய வெள்ளரி, துருவிய மாங்காய், ஒரு பிடி தேங்காய், கொத்தமல்லி சேர்த்து, கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டி, கடைசியில் எலுமிச்சையும் உப்பும். வெள்ளரியில் புரதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தப் பருப்பால் ஆளுக்குச் சுமார் 6 கிராம் கிடைக்கிறது. அடுப்பு எரிவது தாளிக்கும் ஒரு நிமிடம்தான். தாளிப்பு ஆறிய பிறகு கொட்டினால் காய் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

பயறும் கடலையும்

மதியம் சோறே வேண்டாம், சாலட்தான் சாப்பாடு என்பவர்களுக்கு வெள்ளரி மட்டும் போதாது. 3 மணிக்குப் பசி எடுத்து முறுக்கு டப்பாவைத் திறப்பார்கள். அவர்களுக்குப் பயறு வேண்டும்.

முளைகட்டிய பச்சைப்பயறு உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கோடையில் முளை வேகமாக வரும், அதே வேகத்தில் கிருமியும் வளரும். ஈரமும் சூடும் இரண்டுக்கும் பிடிக்கும். பச்சை முளையை வயதானவர்களும் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் பயமில்லை. வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் ஆவி காட்டியும் பயனில்லை, மாட்டுக்குத்தான்.

என்னைக் கேட்டால் முளைப்பயறைவிட வேர்க்கடலை மேல். மார்கழிப் பட்டத்தில் விதைத்த கடலை சித்திரை வாக்கில் பறிப்புக்கு வரும். விருத்தாசலத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் கடலை ரகங்களையும் முந்திரி ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது என்பதிலிருந்தே இந்த மண்ணுக்கு எது ஒத்துப்போகும் என்று தெரியும். செடியோடு வரும் பச்சைக் கடலையை உப்பு போட்டு வேகவைத்து உரித்து, பொடியாக நறுக்கிய மாங்காய், சின்ன வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் அது முழுச் சாப்பாடு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாங்காய் போட்ட பட்டாணி சுண்டலை நின்று சாப்பிட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குறை ஒன்றுதான். உரிப்பதற்கு ஆள் வேண்டும்.

எங்கே வாங்குவது

இதிலும் ஆளுக்கொரு கட்சி. முதல் உழவர் சந்தை 1999-இல் மதுரையில் திறந்தது. கடலூரிலும் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி நேரடியாக விற்கிறார், அன்றைய விலை பலகையில் இருக்கிறது. பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. சாலட்டுக்கான வெள்ளரிப்பிஞ்சு, கீரை, புதினா, முள்ளங்கி என்று பக்கத்துக் கிராமத்துச் சரக்கு காலை 7 மணிக்குள் போனால் நன்றாக இருக்கும். 9 மணிக்குப் போனால் வாடியதுதான் மிச்சம். "ராத்திரி பறிச்சதா, விடியக்காலம் பறிச்சதா?" என்று கேளுங்கள். "நாலு மணிக்கு டார்ச் அடிச்சுப் பறிச்சேம்மா" என்று சொல்பவரிடம் நிற்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உழவர் சந்தை என்றால் இயற்கை வேளாண்மை என்று அர்த்தமில்லை. மருந்து அடித்ததும் வரும், அடிக்காததும் வரும்.

பாண்டி நேரு வீதியிலிருக்கும் பெரிய மார்க்கெட்டில் கிடைக்காதது இல்லை. வெளியூர்ச் சரக்கும் உள்ளூர்ச் சரக்கும் கலந்து கிடக்கும். தரையில் சாக்கு விரித்து நான்கைந்து கட்டுக் கீரையும் ஒரு கூடைப் பிஞ்சும் மட்டும் வைத்திருக்கும் பாட்டிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் அது அவர்கள் கொல்லையில் வந்தது.

ஆரோவில் பக்கத்துப் பண்ணைக் காய்கள் மருந்தில்லாதவை என்று நம்பி வாங்கலாம். விலை கூடுதல், கடலூர்க்காரர்களுக்குத் தூரமும் கூடுதல். பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு மட்டும் அந்தக் காசைக் கொடுப்பேன். தோல் சீவும் வெள்ளரிக்கும் உரிக்கும் கடலைக்கும் கொடுக்க மாட்டேன். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் மூன்றும் எங்கே வாங்கினாலும் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்குதான். பயணம் தாங்கும். அதற்காகச் சந்தைக்கு விடியலில் ஓட வேண்டாம், தெருமுனைக் கடையே போதும்.

கலவை எண்ணெய்

ஒலிவ எண்ணெயும் வினிகரும் மூன்றுக்கு ஒன்று என்று கலக்கும் பிரெஞ்சு முறை பாண்டிக்குப் புதிதில்லை. கணக்கு நல்ல கணக்குதான், பொருளை மாற்றிக்கொள்ளலாம். செக்கு நல்லெண்ணெய் மூன்று பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, உப்பு, மிளகு. கடலை சாலட்டுக்கு எண்ணெயே வேண்டாம். தயிர் சேர்ப்பதானால் சாப்பிடும்போதுதான்.

யார் எதை எடுக்கலாம்

வேலைக்குப் பாக்ஸ் கட்டுபவர்களுக்கு முழு வெள்ளரிப்பிஞ்சும், தனி டப்பாவில் வேகவைத்த கடலையும். மாங்காயும் வெங்காயமும் காலையில் நறுக்கிக் கலக்க வேண்டாம், கொண்டுபோய் அங்கே கலந்தால் நல்லது. ஆபீஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டும் கோசுமல்லி கட்டலாம். வீட்டில் சாப்பிடுபவர்களுக்கு ஒரு நாள் கோசுமல்லி, ஒரு நாள் பிழிந்த வெள்ளரித் தயிர்ப் பச்சடி என்று மாற்றிக்கொண்டால் கத்திரி முடியும்வரை சலிக்காது. பல் இல்லாத பெரியவர்களுக்குத் துருவிய வெள்ளரிதான், கடலை கொடுத்துச் சோதிக்காதீர்கள். உடம்பு இளைக்க வேண்டும் என்று சோற்றை நிறுத்துபவர்கள் கடலைக்கோ ஆவி காட்டிய பயறுக்கோ போகட்டும். பழத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

கடலூரில் இன்னொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை முதுநகரிலிருந்து மீன் வந்திருக்கும். அதே அரிவாள்மனையில் மீனை அரிந்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வெள்ளரியை நறுக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு. குழம்புக்கு அது பரவாயில்லை, எல்லாம் கொதிக்கப்போகிறது. பச்சையாகச் சாப்பிடும் காய்க்கு ஆகாது. சாலட்டை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு அப்புறம் மீனைத் தொடுங்கள். இல்லையென்றால் சாலட்டுக்கென்று தனியாக ஒரு சின்னக் கத்தியும் பலகையும் வாங்கிவிடுங்கள்.

ராத்திரிக்கு மிஞ்சிய கோசுமல்லியை மறுநாள் சாலட்டாகக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்த உடனே ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், காலையில் தண்ணீரைப் பிழிந்துவிட்டு அடை மாவில் கலந்து ஊற்றலாம். வெளியிலேயே கிடந்திருந்தால் குப்பைக்குத்தான்.